58 டிகிரியில் கணினியை நிறுத்தும் ஒரு சர்க்யூட்

டெஸ்க்டாப் கணினியின் ஹார்ட் டிஸ்க் அளவுமீறிச் சூடேறினால் கணினியையே நிறுத்தும் சர்க்யூட் இது. பிராசசரைக் காப்பாற்ற இது தேவையில்லை. 2000-ல் வந்த பென்டியம் 4 முதலே, சூடு ஏறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு சில்லுக்குள்ளேயே வந்துவிட்டது. அதையும் மீறிச் சூடேறினால் ஒரு தனி இணைப்புக் கால் (பின்) வழியாக மதர்போர்டுக்குச் சொல்லி மின்சாரத்தையே நிறுத்திக்கொள்ளும். அதே காலத்து ஏஎம்டி அத்லான்களில் ஹீட் சிங்க்கைக் கழற்றினால் சில நொடிகளில் சில்லு கருகிவிடும். அந்தப் பயம் இப்போது இல்லை. மேலும், வெளியே ஒட்டிய எந்த சென்சாராலும் பிராசசரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. சில்லுக்குள் ஒரு நொடியில் முப்பது நாற்பது டிகிரி ஏறும். அந்தச் சூடு ஹீட் சிங்க்கின் அடிப்பாகம் வரை வந்து சேர்வதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும்.

காவல் இல்லாமல் கிடப்பது மற்றவைதான். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். பல 3.5 அங்குல டிஸ்க்குகளின் டேட்டாஷீட்டில் இயங்கு வெப்பத்தின் உச்சவரம்பு 60 டிகிரி. சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத அறையின் காற்றே 38 டிகிரியைத் தொடும். கேபினெட்டுக்குள் அது இன்னும் ஏழெட்டு டிகிரி கூடும். முன்பக்க ஃபேன் நின்றுபோனால் டிஸ்க் 60-ஐத் தாண்ட அரை மணி நேரம் போதும். டிஸ்க் தன் வெப்பத்தைத் தானே அளந்து வைத்துக்கொள்ளும். ஆனால் கணினியை நிறுத்தும் அதிகாரம் அதற்குக் கிடையாது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் அளக்கக்கூட அளப்பதில்லை. சுற்றுச்சூடு 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

டிஸ்க் வெப்பத்தைப் படித்து, மீறினால் ஷட்டவுன் செய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன. நல்லவைதான், போட்டுக்கொள்ளலாம். ஆனால் கணினி உறைந்து நின்றாலோ, பயாஸ் திரையிலேயே யாரும் கவனிக்காமல் கிடந்தாலோ அவை ஓடாது. ஆர்டுயினோ வைத்தும் செய்யலாம், பாகங்கள் பாதியாகக் குறையும். ஒரு மென்பொருளைக் காவல் காக்க இன்னொரு மென்பொருளா என்ற தயக்கம் இருப்பவர்களுக்கு, இரண்டு வோல்டேஜை ஒப்பிட்டு எது பெரிது என்று மட்டும் சொல்லும் கம்பாரேட்டர்தான் சரி. அதில் ஹேங் ஆக எதுவுமில்லை.

இந்த சர்க்யூட் மூன்று வேலை செய்யும். 52 டிகிரியில் பஸ்ஸரை அலறவிடும். 58 டிகிரியில் கணினியின் பவர் பட்டனை அரை நொடி அழுத்தும். விண்டோஸோ லினக்ஸோ அதைப் பார்த்து முறையாக ஷட்டவுன் ஆகும். மூன்று நிமிடம் கழித்தும் சூடு இறங்காமல் கணினியும் ஓடிக்கொண்டிருந்தால், பட்டனை நான்கு நொடிக்கு மேல் அழுத்திப் பிடிக்கும். அப்படிப் பிடித்தால் மதர்போர்டு யாரையும் கேட்காமல் அணைந்துவிடும்.

230 வோல்ட் லைனில் ரிலே போட்டு வெட்டும் சர்க்யூட்டுகளும் புழக்கத்தில் உண்டு. அந்தப் பக்கம் போகாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது டிஸ்க்கின் மின்சாரத்தைப் பிடுங்குவது ஒரு தப்பு. பயாஸில் "கரண்ட் வந்தால் தானாக ஆன் ஆகு" என்று வைத்திருந்தால், சூடு இறங்கி ரிலே விட்டதும் கணினி தானே எழும், மறுபடி சூடேறும், மறுபடி வெட்டும். இரவெல்லாம் இதே கூத்து நடக்கும். கணினியின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் சென்சார் வைக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். அதன் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். நம் சர்க்யூட் முழுக்க 5 வோல்ட்டோடு முடிகிறது.

மின்சாரம் எங்கிருந்து எடுப்பது

இந்தத் தேர்வில்தான் பலருடைய சர்க்யூட் தலைகீழாகிறது. கணினி அணைந்திருக்கும்போதும் எஸ்எம்பிஎஸ்ஸில் ஊதா நிற வயரில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை வந்துகொண்டே இருக்கும். காவல்காரன் எப்போதும் விழித்திருக்கட்டும் என்று அதிலிருந்து எடுக்கத் தோன்றும். எடுத்தால் என்ன ஆகும்? கணினி ஷட்டவுன் ஆனதும் ஃபேன்கள் நிற்கும். காற்றோட்டம் நின்றதால் டிஸ்க்கின் மேல்தகடு சில நிமிடங்களுக்கு இன்னும் இரண்டு மூன்று டிகிரி ஏறும். 57-ல் இருந்தது 58-ஐத் தொடும். சர்க்யூட் கடமை தவறாமல் பவர் பட்டனை அழுத்தும். அணைந்திருக்கும் கணினியில் பவர் பட்டனை அழுத்தினால் அது ஆன் ஆகும்!

அதனால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் நான்கு வயர் மோலெக்ஸ் கனெக்டரின் சிவப்பு வயரிலிருந்தே எடுங்கள். சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட். மஞ்சள் 12 வோல்ட், அதைத் தொட வேண்டாம். கணினி ஓடும்போது மட்டும்தான் சிவப்பில் மின்சாரம் இருக்கும். கணினி அணைந்த அதே கணத்தில் நம் சர்க்யூட்டும் செத்துவிடும், பட்டனைப் பிடித்திருந்த கையும் தானாக விலகும். அணைந்த கணினியை எழுப்பும் வாய்ப்பே கிடையாது. மோலெக்ஸ் இல்லாத புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பவரிலிருந்து மோலெக்ஸுக்கு மாற்றும் கேபிள் வாங்கிக்கொள்ளலாம்.

சிவப்பு வயர் போர்டுக்குள் நுழையும் இடத்தில் 250 மில்லி ஆம்பியர் ஃப்யூஸோ பாலிஃப்யூஸோ கட்டாயம் வேண்டும். நம் சர்க்யூட் பஸ்ஸரோடு சேர்த்தும் 60 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸின் 5 வோல்ட் லைன் 15, 20 ஆம்பியர் கொடுக்கக்கூடியது. ஒரு துளி ஈயம் தவறி இரண்டு தடங்களைச் சேர்த்தால் எஸ்எம்பிஎஸ் அதை ஷார்ட் என்றே கருதாது. அதற்குள் மெல்லிய வயர் உருகிப் புகையும்.

சென்சார்

25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் என்டிசி தெர்மிஸ்டர் (சூடு ஏற ஏற ஓம் குறையும் ரெசிஸ்டர்), பீட்டா (அந்தக் குறைவின் வேகத்தைச் சொல்லும் எண்) 3950, எபாக்ஸி பூசிய மிளகு அளவு பீட் வகை. ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ எங்கும் கிடைக்கும். வெறுமனே "என்டிசி 10" என்று கேட்டால் கறுப்பாக வட்டத் தகடு போல ஒன்றை எடுத்துக் கொடுக்க வாய்ப்பு உண்டு. அதில் 10டி-9 என்று எழுதியிருக்கும். அது எஸ்எம்பிஎஸ்ஸில் தொடக்க மின்னோட்டத்தைத் தடுக்கப் போடுவது, வெறும் 10 ஓம். வாங்கும்போதே மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள்: சென்னைக் கடையின் 32 டிகிரியில் நம் தெர்மிஸ்டர் ஏழரை கிலோ ஓம் அருகே காட்ட வேண்டும்.

பீட்டா 3950 என்றால் 50 டிகிரியில் 3,590 ஓம், 52-ல் 3,330, 58-ல் 2,670, 65-ல் 2,090. இதே தோற்றத்தில் 3435 பீட்டா உள்ளதும் விற்கிறது. 25 டிகிரியில் அதுவும் 10 கிலோ ஓம்தான் காட்டும், பார்வைக்குப் பிரித்தறிய முடியாது. அதை மாட்டிவிட்டு 58 டிகிரிக்கு வைத்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உண்மையில் அது 63 டிகிரி வரை வாயே திறக்காது. சோதிப்பது எளிது. தெர்மிஸ்டரை பாலிதீன் உறைக்குள் வைத்து, 50 டிகிரி வெந்நீர் டம்ளரில் பீட் மூழ்கும்படி இறக்கி அளந்தால், 3950 சுமார் 3.6 கிலோ ஓம் காட்டும், 3435 சுமார் 4.1 காட்டும். நீரின் வெப்பத்தை மல்டிமீட்டரோடு வரும் கே வகை புரோபால் பாருங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டர் 42-ஓடு நின்றுவிடும்.

தெர்மிஸ்டரின் ஒரு காலை 5 வோல்ட்டில் இணைத்து, மறுகாலிலிருந்து 3.3 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்குப் போடுங்கள். இரண்டும் சேரும் புள்ளிதான் சென்சார் வோல்டேஜ். சூடு ஏறினால் இது ஏறும்: 52-ல் 2.49 வோல்ட், 58-ல் 2.76. டிகிரிக்கு 45 மில்லி வோல்ட் வருவதால் கம்பாரேட்டருக்குத் தாராளம். 3.3 கிலோ ஓமைத் தேர்ந்தது, நமக்கு வேண்டிய வெப்பத்தில் தெர்மிஸ்டரும் ஏறக்குறைய அதே அளவில் இருப்பதால்தான். இரண்டும் சமமாக இருக்கும் இடத்தில்தான் இந்த அமைப்பின் உணர்திறன் உச்சம். அந்த 3.3 கிலோ ஓமுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று, கேபினெட்டுக்குள் திரியும் இரைச்சலை விழுங்க.

தெர்மிஸ்டரை மேலே போட்டதற்குத் தனிக் காரணம் உண்டு. பெரும்பாலான படங்களில் கீழே, கிரவுண்டுப் பக்கம் போட்டிருப்பார்கள். சென்சார் வயர் அறுந்தால் இரண்டு அமைப்பிலுமே சர்க்யூட் "மிகவும் குளிர்" என்றே நினைக்கும். காவல் போய்விட்டது என்பதே தெரியாமல் மாதக்கணக்கில் ஓடும். இதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு கம்பாரேட்டர் வைக்க வேண்டும். தெர்மிஸ்டர் கீழே இருந்தால் அறுந்ததும் புள்ளி 5 வோல்ட்டுக்குப் போகும். நாம் போடப்போகும் கம்பாரேட்டர் ஐசியான எல்எம்339-ன் உள்ளீடுகளோ 5 வோல்ட் சப்ளையில் 3.5 வரைதான் ஒழுங்காக வேலை செய்யும். மேலே இருந்தால் அறுந்ததும் பூஜ்யத்துக்கு இறங்கும். பூஜ்யம் வரை இந்த ஐசிக்குச் சிக்கலில்லை. வயர் ஷார்ட் ஆனால் 5 வோல்ட் வரும், சர்க்யூட் அதை அதிசூடு என்று கொண்டு கணினியை நிறுத்தும். அப்போது ஓர் உள்ளீடு வரம்பைத் தாண்டினாலும், ஒப்பிடும் அளவான ரெஃபரன்ஸ் வரம்புக்குள் இருப்பதால் விடை சரியாகவே வரும்.

கம்பாரேட்டர்கள்

எல்எம்339-ல் நான்கு கம்பாரேட்டர்கள், நமக்கு மூன்று போதும். 3-வது பின் 5 வோல்ட், 12 கிரவுண்ட், ஐசியை ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட். சென்சார் புள்ளி 6, 4, 9 ஆகிய பின்களுக்குப் போகிறது. 7-வது பின்னில் பஸ்ஸருக்கான ரெஃபரன்ஸ், அதன் விடை 1-ல் வரும். 5-வது பின்னில் ஷட்டவுன் ரெஃபரன்ஸ், விடை 2-ல். 8-வது பின்னில் வயர் அறுந்ததைக் கண்டுபிடிக்கும் ரெஃபரன்ஸ், விடை 14-ல். மிச்சமுள்ள 10, 11 இரண்டையும் கிரவுண்டில் இணைத்து, 13-ஐச் சும்மா விடுங்கள். அவற்றை மிதக்கவிட்டால் நான்காவது கம்பாரேட்டர் தன்பாட்டுக்கு ஆடி மற்ற மூன்றையும் குழப்பும்.

முதல் இரண்டு ரெஃபரன்ஸுக்கும் 10 கிலோ ஓம் மல்டிடர்ன் டிரிம்பாட் (பல சுற்றுத் திருகி அளவு மாற்றும் ரெசிஸ்டர்) ஒவ்வொன்று, 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே. நடுக்காலிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக 7-க்கும் 5-க்கும். 1-லிருந்து 7-க்கும், 2-லிருந்து 5-க்கும் 470 கிலோ ஓம் ஒவ்வொன்று. இதுதான் ஹிஸ்டிரிசிஸ்: ஒரு முறை தட்டிவிட்டால் சுமார் இரண்டரை டிகிரி இறங்கும் வரை விடாது. இது இல்லாவிட்டால் சரியாக 52-ல் பஸ்ஸர் விக்கி விக்கி அழும். ஷட்டவுன் பக்கம் இன்னும் மோசம், பட்டன் பலமுறை அழுத்தப்படும். எல்எம்339-ன் விடைப் பின்கள் தாமாக மேலே ஏறாது. 1-க்கும் 2-க்கும் 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம் புல்அப் (மேலே இழுக்கும் ரெசிஸ்டர்) போட மறந்தால் எதுவுமே நடக்காது.

ரெஃபரன்ஸுக்கு ஜீனரோ ரெகுலேட்டர் ஐசியோ தேவையில்லை. சென்சாரும் டிரிம்பாட்டும் ஒரே 5 வோல்ட்டிலிருந்து பிரிவதால், அது 4.8 ஆனாலும் 5.2 ஆனாலும் இரண்டும் ஒரே விகிதத்தில் நகரும், தட்டும் வெப்பம் மாறாது. இங்கே துல்லியமான ரெஃபரன்ஸ் போட்டுச் "சிறப்பாக" ஆக்கினால்தான் உண்மையில் கெடும்.

8-வது பின்னுக்கு 5 வோல்ட்டிலிருந்து 47 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 3.3 கிலோ ஓம். 0.33 வோல்ட் வரும். சென்சார் இதற்குக் கீழே போக வேண்டுமென்றால் வெப்பம் மைனஸ் 6 டிகிரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வயர் அறுந்திருக்க வேண்டும். இரண்டில் எது என்பதில் நம் ஊரில் குழப்பமே வராது. 14-வது பின்னில் 1 கிலோ ஓமோடு ஒரு சிவப்பு எல்இடி.

பஸ்ஸரை 1-வது பின்னில் நேராகத் தொங்கவிடாதீர்கள். 5 வோல்ட் பஸ்ஸர் 20 முதல் 30 மில்லி ஆம்பியர் கேட்கும். இந்த ஐசி உறுதியாக இழுப்பது 6 மட்டுமே. நேராகப் போட்டால் கத்தத்தான் செய்யும், ஆனால் விடைப் பின் கீழே முழுசாக இறங்காது, ஹிஸ்டிரிசிஸ் கணக்கு தவறும். 2என்2907 டிரான்சிஸ்டர் ஒன்று போடுங்கள்: எமிட்டர் 5 வோல்ட்டில், கலெக்டர் பஸ்ஸருக்கு, பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 10 கிலோ ஓம். பேஸுக்கு 1-லிருந்து 4.7 கிலோ ஓம், 14-லிருந்தும் இன்னொரு 4.7 கிலோ ஓம். சூடானாலும் வயர் அறுந்தாலும் அதே பஸ்ஸர்தான் கத்தும். எது என்பதைச் சிவப்பு எல்இடி சொல்லும்.

பட்டனை அழுத்தும் பகுதி

அரை நொடிக்கு என்இ555 டைமர் ஐசி. 6, 7 பின்களைச் சேர்த்து 5 வோல்ட்டுக்கு 47 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட். 1.1 பெருக்கல் ரெசிஸ்டர் பெருக்கல் கெப்பாசிட்டர் என்ற வழக்கமான கணக்கில் 0.52 நொடி. 2-வது பின்னுக்கு 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம். எல்எம்339-ன் 2-வது பின்னிலிருந்து 0.1 மைக்ரோஃபாரட் வழியாக இதே பின்னுக்கு டிரிகர். நேராக இணைத்தால் சூடு இருக்கும்வரை டிரிகர் கீழேயே கிடக்கும், 555-ன் விடையும் இறங்காது, அரை நொடி அழுத்தல் நான்கு நொடியைத் தாண்டிக் கணினி பட்டென்று அணையும். கெப்பாசிட்டர் அந்த விளிம்பை மட்டும் கடத்தும். சூடு இறங்கி எல்எம்339 மேலே ஏறும்போது இந்தக் கெப்பாசிட்டர் 2-வது பின்னை 5 வோல்ட்டுக்கு மேல் தள்ளும். அதைத் தடுக்க 1என்4148 டயோட், ஆனோடு 2-வது பின்னில், கேதோடு 5 வோல்ட்டில்.

4-வது பின்னை 555-ல் வழக்கமாக நேராக 5 வோல்ட்டில் கட்டிவிடுவார்கள். இங்கே கூடாது. மின்சாரம் வரும் கணத்தில் 555 தானாகவே ஒரு துடிப்பு விடும் பழக்கம் உடையது. கணினி ஆன் ஆகிய அரை நொடிக்குள் பட்டன் இன்னொரு முறை அழுத்தப்பட்டால், பயாஸ் கட்டத்தில் அது உடனே அணைந்துவிடும். "ஆன் பண்ணினால் நிற்க மாட்டேன் என்கிறது" என்று எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும் வரை போய்விடுவார்கள். 4-வது பின்னுக்கு 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 220 மைக்ரோஃபாரட் போட்டால் முதல் மூன்றில் ஒரு பங்கு நொடிக்கு 555 வாயைத் திறக்காது. 5-வது பின்னில் 0.01 மைக்ரோஃபாரட்.

555-ன் 3-வது பின்னிலிருந்து 330 ஓம் வழியாக பிசி817 ஆப்டோகப்ளரின் (உள்ளே ஒளியால் இயங்கும் சுவிட்ச்) 1-வது காலுக்கு, அதன் 2-வது கால் கிரவுண்டுக்கு. ஆப்டோவின் 4, 3 கால்கள் மதர்போர்டின் பவர் பட்டன் பின்களுக்கு, ஏற்கெனவே இருக்கும் பட்டனுக்கு இணையாக. எந்தப் பின் எது என்பதை, கணினி அணைந்து மெயின் மட்டும் ஆனில் இருக்கும்போது மல்டிமீட்டரால் பாருங்கள். இரண்டு பின்களுக்கும் நடுவே 3.3 வோல்ட்டோ 5 வோல்ட்டோ வரும். மீட்டர் பிளஸ் காட்டும்போது சிவப்பு முனை தொடும் பின்னுக்கு ஆப்டோவின் 4-வது கால். மாற்றிப் போட்டால் ஒன்றும் எரியாது, சர்க்யூட் மட்டும் வேலை செய்யாது.

மூன்று நிமிடக் காத்திருப்புக்கு, சுற்றுகளை எண்ணும் கவுன்டர் ஐசியான சிடி4060. பெரிய எலக்ட்ரோலிட்டிக்கையும் பெரிய ரெசிஸ்டரையும் வைத்து நிமிடக்கணக்கில் தாமதம் செய்யலாம் என்று தோன்றும். எலக்ட்ரோலிட்டிக்கின் கசிவு மின்னோட்டம் அந்தப் பெரிய ரெசிஸ்டர் தரும் மின்னோட்டத்தையே தின்றுவிடும். கெப்பாசிட்டர் பாதியில் நின்றுபோகும், காலமே வராது. கவுன்டரில் இந்தத் தொல்லை இல்லை. 10-வது பின்னிலிருந்து 100 கிலோ ஓம், 9-லிருந்து 0.1 மைக்ரோஃபாரட் பாலியஸ்டர், 11-லிருந்து 1 மெகா ஓம். மூன்றின் மறுமுனைகளும் ஓரிடத்தில் சேரட்டும். ஒரு சுற்றுக்கு 23 மில்லி செகண்ட், 8,192 சுற்றுக்குப் பிறகு 3-வது பின் மேலே வரும், அதாவது 188 நொடி. 16 ஐந்து வோல்ட், 8 கிரவுண்ட். ரீசெட்டான 12-வது பின் நேராக எல்எம்339-ன் 2-வது பின்னுக்கு. சூடு இல்லாதவரை அது மேலேயே இருக்கும், கவுன்டர் பூஜ்யத்தில் நிற்கும். 3-வது பின்னிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக 2என்2222 பேஸுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு. கலெக்டரில் இரண்டாவது பிசி817-ன் 2-வது கால், அதன் 1-வது கால் 470 ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு. அதன் 4, 3 கால்களும் முதல் ஆப்டோவோடு இணையாகவே.

விண்டோஸ் அப்டேட் போட்டுக்கொண்டே ஷட்டவுன் ஆகும் கணினிகளுக்கு மூன்று நிமிடம் போதாமல் போகலாம். 0.1-க்குப் பதில் 0.22 மைக்ரோஃபாரட் போட்டால் சுமார் ஏழு நிமிடம் கிடைக்கும். இன்னொன்று: 58-க்கு மேல் சூடாக இருக்கும்போதே கணினியை ஆன் செய்தால் 555 மௌனமாக இருக்கும், கவுன்டரும் எந்த எண்ணிலிருந்தும் தொடங்கலாம். எனவே சில நொடிகளிலோ மூன்று நிமிடத்திலோ கணினி அணையும். அந்தச் சூட்டில் ஓட வேண்டாம் என்பதால் இதைத் திருத்தத் தேவையில்லை.

வெந்நீர் இல்லாமல் அளவு வைப்பது

52 டிகிரியில் தெர்மிஸ்டரின் அளவு ஏறக்குறைய 3.3 கிலோ ஓம், 58-ல் ஏறக்குறைய 2.7. இரண்டுமே கடையில் கிடைக்கும் ரெசிஸ்டர் மதிப்புகள்! வெப்பத்தை இவற்றை நினைத்தே இப்படி வைத்தோம். சென்சாரை 2 பின் கனெக்டரில் மாட்டும்படி செய்து, 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள் இரண்டை அதே கனெக்டரில் சாலிடர் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

கணினியில் மாட்டுவதற்கு முன் மேசையிலேயே, 5 வோல்ட் போன் சார்ஜரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பவர் பட்டன் பின்களுக்குப் பதிலாக 5 வோல்ட், 1 கிலோ ஓம், எல்இடி, ஆப்டோவின் 4-வது கால் என்று வரிசையாக இணைத்து, 3-வது காலைக் கிரவுண்டில் வையுங்கள். இரண்டு டிரிம்பாட்களையும் 5 வோல்ட் பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு, 3.3 கிலோ ஓமை மாட்டி, முதல் டிரிம்பாட்டைப் பஸ்ஸர் கத்தும் வரை மெதுவாக இறக்குங்கள். கத்தியதும் நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் பின்னால் திருப்பிச் சரிசெய்ய முடியாது. ஹிஸ்டிரிசிஸ் காரணமாகத் திரும்பும் புள்ளி வேறு. மறுபடி மேலே போய் மேலிருந்தே இறங்க வேண்டும். 25 சுற்று டிரிம்பாட்டில் ஒரு சுற்று என்பது ஏறக்குறைய நாலரை டிகிரி. அடுத்து 2.7 கிலோ ஓமை மாட்டி இரண்டாவது டிரிம்பாட்: எல்இடி ஒரு முறை அரை நொடி மின்ன வேண்டும், மூன்று நிமிடம் கழித்து நிலையாக எரிய வேண்டும். கடைசியில் கனெக்டரைப் பிடுங்கினால் சிவப்பு எல்இடியும் பஸ்ஸரும் வர வேண்டும்.

தெர்மிஸ்டரை டிஸ்க்கின் பக்கவாட்டு அலுமினியத்தில், மஞ்சள் நிற கேப்டன் டேப்பால் ஒட்டுங்கள். மேலே மூச்சுத் துளை இருக்கும், மூடக் கூடாது என்று பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள், அதை மறைக்காதீர்கள். ஹாட் க்ளூ வேண்டாம். அறுபது எழுபது டிகிரியில் அது இளகத் தொடங்கும். எந்தச் சூட்டில் சென்சார் வேண்டுமோ அதே சூட்டில் கழன்று தொங்கும். பீட் உலோகத்தை ஒட்டி இருப்பது முக்கியம். காற்றில் தொங்கினால் டிஸ்க்குக்குப் பதில் கேபினெட் காற்றை அளக்கும், அது பத்து டிகிரி வரை குறைவாக இருக்கும். ஒட்டியபின் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தரும் ஸ்மார்ட் பட்டியலில் 194-வது வரியின் வெப்பத்தோடு ஒப்பிடுங்கள். வெளித்தகடு இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால் இயல்பு. அதைவிட அதிகம் என்றால் ஒட்டியது சரியில்லை.

போர்டை நைலான் ஸ்டேண்டாஃபில் நிறுத்துங்கள். விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ் போய் பவர் பட்டனுக்கு "ஷட்டவுன்" என்று வையுங்கள். சில லினக்ஸ் டெஸ்க்டாப்புகள் பட்டனை அழுத்தினால் "நிச்சயமா?" என்று கேட்டுக்கொண்டு உட்காரும், அதையும் அமைப்பில் மாற்ற வேண்டும். சேமிக்காத கோப்பைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் விண்டோஸும் அப்படித்தான் கேட்டு நிற்கும். அந்தச் சமயத்துக்குத்தான் கவுன்டர்.

வெயில் காலத்தில் 52-லேயே பஸ்ஸர் நச்சரித்தால் டிரிம்பாட்டைத் திருப்பும் முன் முன்பக்க ஃபேன் சுற்றுகிறதா, தூசு வலை அடைத்திருக்கிறதா, கேபினெட்டின் முதுகு சுவரோடு ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். மோலெக்ஸில் ஓடும் ஃபேன்களுக்கு வேகம் சொல்லும் வயர் இல்லாததால் அவை நின்றதை பயாஸ் அறியாது. லேப்டாப்புக்கு இந்த சர்க்யூட் பொருந்தாது, வெளியே எடுக்க மோலெக்ஸும் இல்லை, பட்டன் பின்னும் இல்லை. டிஸ்க்கே இல்லாமல் எஸ்எஸ்டி மட்டும் உள்ள டெஸ்க்டாப்பில் தெர்மிஸ்டரைப் பிராசசருக்குப் பக்கத்து வோல்டேஜ் ரெகுலேட்டர் ஹீட் சிங்க்கில் ஒட்டலாம். அங்கே 85, 95 டிகிரி போல உயர்த்தி வைக்க வேண்டும். பீட்டா 3950-க்கு அவை முறையே 1.1 கிலோ ஓம், 0.82 கிலோ ஓம் அருகில். 3.3 கிலோ ஓம் இருந்த இடத்தில் 1 கிலோ ஓம் போட்டு, சோதனை ரெசிஸ்டர்களை 1.1 கிலோ ஓம், 820 ஓம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். 8-வது பின்னின் 3.3-ஐயும் 1 கிலோ ஓம் ஆக்குங்கள். மற்றவை அப்படியே.

ஆண்டுக்கு ஒரு முறை, மார்ச்சில், கேபினெட்டைத் திறந்து தூசு ஊதும்போது சென்சார் கனெக்டரைப் பிடுங்கிச் சிவப்பு எல்இடி வருகிறதா பாருங்கள். பிறகு எல்லாக் கோப்புகளையும் சேமித்துவிட்டு, சோதனை ரெசிஸ்டரை மாட்டி ஷட்டவுன் ஆகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அந்த இரண்டு ரெசிஸ்டர்களையும் சின்ன ஜிப் கவரில் போட்டு கேபினெட்டின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்தால் அடுத்த மார்ச்சில் தேட வேண்டியிருக்காது.